ஈட்டி மரம்

“வெட்டறதுக்குப் பர்மிட் இருக்கா?”

காக்கிச் சட்டை போட்டிருந்த அந்தப் பெண் சாதாரணமாகத்தான் கேட்டாள். கிட்டார் கடைக்காரருக்கு வாயில் இருந்த மிச்சப் பேச்சு அப்படியே நின்றுவிட்டது.

ஐந்து நிமிடமாக அவர் அளந்துகொண்டிருந்ததெல்லாம் காடு, மலை. “ஈட்டிங்க இது, ரோஸ்வுட்! அதுவும் நடுக்காட்டு ஈட்டி. இப்ப வெட்டவே விடறதில்லை. நமக்கு மட்டும் ஒரு வழியில வருது” என்று கண்ணை வேறு சிமிட்டியிருந்தார். கேட்கிறவள் எந்த நிறத்தில் சட்டை போட்டிருக்கிறாள் என்பதை இப்போதுதான் பார்த்தார்.

உண்மையில் அந்தக் கிட்டாரின் முன்பலகை தேவதாரு. முதுகும் விலாவும், இழைப்பு மெஷின் வந்து இறங்கிய பேக்கிங் பெட்டி. லாரி ஆபீஸில் விறகுக்கு ஒதுக்கியிருந்ததை விரலால் தட்டிப் பார்த்து, “நல்லாப் பேசுது, அடுப்புல வைக்காதீங்க” என்று வாங்கிக்கொண்டு போய் அதைக் கிட்டாராக்கியது அவர் மனைவி. அந்தக் கடையில் செய்வது அவள், விற்பது இவர்.

வாசித்துப் பார்த்தவர்கள் எல்லாம் கண்ணை மூடி ரசித்தார்கள். “என்ன மரம்?” என்று கேட்டு, பதில் வந்ததும் சூடு பட்டவர்கள் மாதிரி கீழே வைத்துவிட்டுப் போனார்கள். நாலு மாதம் பொறுத்தவர், போன வாரம் பழைய மெருகைச் சுரண்டி, கெட்டி டீ டிகாஷனை நாலு தடவை பூசி, பெட்டியை ஈட்டியாக்கிவிட்டார். அன்றிலிருந்து மனைவி அவரோடு பேசுவது “ம்”, “ம்ஹூம்” இரண்டோடு சரி.

காக்கிச் சட்டைக்காரி கிட்டாரைத் திருப்பி, முதுகை முகர்ந்து பார்த்தாள். செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டாள். அவளுடைய இடது கை விரல் நுனிகள் காய்த்துப்போயிருந்தன. எத்தனை பேருக்கு விலங்கு மாட்டிய கையோ என்று கடைக்காரர் அரையடி பின்வாங்கினார்.

“எந்தக் காடுன்னு சொன்னீங்க?”

“காடுன்னா... காடுன்னே சொல்ல முடியாதுங்க மேடம்...”

“கொண்டுவந்து குடுத்தது யாரு?”

“லாரி ஆபீஸ்ல... மேடம், சத்தியமா இது ஈட்டியே இல்லை! வெறும் பெட்டிப் பலகை!”

“இப்ப மாத்திப் பேசறீங்களே?”

கடைக்காரர் ஓடிப்போய் டார்ச்சும் கைக்கண்ணாடியும் எடுத்து வந்தார். கிட்டாரின் வட்டத் துளைக்குள் வெளிச்சம் அடித்துக் காட்டினார். உள்ளே, முதுகுப் பலகையில், மேல்நோக்கிய அம்புக்குறி. பக்கத்திலேயே ஒரு குடைப் படம். அதன் கீழே ‘கவனம்’ என்று கொட்டை எழுத்து.

“தேய்ச்சு எடுத்திருக்கலாமே?”

“நான்தான் வேணும்னே விட்டேன்” என்று குரல் வந்தது. கையெல்லாம் பசையோடு மனைவி பட்டறைக் கதவருகே நின்றிருந்தாள். ஒரு வாரத்தில் அவள் வாயிலிருந்து வந்த முதல் முழு வாக்கியம். “இவரு எப்பவாவது இப்படி ஏதாச்சும் செய்வாருன்னு தெரியும்.”

காக்கிச் சட்டைக்காரி ஒரே ஒரு தந்தியை மீட்டினாள். நாதம் முழுசாக அடங்கும்வரை தலையைச் சாய்த்துக் கேட்டாள். பிறகு கடைக்காரரைத் தாண்டி மனைவியைப் பார்த்தாள்.

“என்ன விலைங்க?”

“ஈட்டி விலையா, பெட்டி விலையா?”

“நீங்க சொல்ற விலை.”

“பலகை சும்மா வந்தது. என் கைவேலைக்கு மட்டும் குடுங்க போதும்.”

மனைவி சொன்ன தொகை, கடைக்காரர் சொன்னதில் பாதிகூட இல்லை. வேறு நாளாக இருந்தால் குறுக்கே பாய்ந்திருப்பார். இன்று தலையை மட்டும் ஆட்டினார். அந்தப் பெண் பேரம் பேசாமல் பணத்தை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டுக் கிட்டாரைத் தூக்கினாள்.

சாட்சிப் பொருளாக எடுத்துப் போகிறாளோ? கடைக்காரர் ஓடிப்போய் வாசலை மறித்துக்கொண்டு கையெடுத்துக் கும்பிட்டார்.

“மேடம், தெரியாம உளறிட்டேன். வேற என்ன வேணா செய்யுங்க. கேஸ் மட்டும் வேண்டாம் மேடம்!”

அவள் அவரை விநோதமாகப் பார்த்தாள். சுவரில் தொங்கிய கறுப்புக் கிட்டார் கேஸைக் கை காட்டினாள்.

“கேஸ் இல்லாம எப்படிங்க? நாள் பூரா பஸ் ஓட்டறவ நான், சீட்டுக்குப் பின்னாடி கிட்டாரை மொட்டையாவா வச்சுக்க முடியும்?”