வரப்பில் ஒரு குரல்

நாணல் வெட்டும் எந்திரம் மாதம் ஒருமுறை வரும். நிலத்துக்காரர் தன் குரலில் பதிந்துவைத்த சம்மதத்தை வரப்பில் ஒலிக்கவிட்ட பிறகுதான் உள்ளே இறங்கும்.

நிலத்துக்காரர் சவரிமுத்து இறந்து இரண்டு வருடமாகியும் அவர் குரல்தான் ஒலித்தது: "நல்லா வெட்டுப்பா. வேரை விட்டுடாதே."

நிலம் சுத்தமாகிவிட்டால் எந்திரம் வராது; அந்தக் குரலும் கேட்காது. அதனால் அவர் மனைவி லூர்தம்மாள் ஒவ்வொரு முறையும் ஒரு துண்டு வேரைச் சேற்றில் ஊன்றிவிடுவாள்.

இந்த மாதம் பக்கத்து நிலத்து மகிமை வந்து நின்றாள். "அக்கா, உங்க நாணல் ஊர்க்குளம் வரைக்கும் வந்துடுச்சு. பிள்ளைங்க குடிக்கிற தண்ணி."

லூர்தம்மாள் எந்திரம் வெட்டி முடிக்கும்வரை காத்திருந்தாள். பிறகு தானே சேற்றில் இறங்கி, மிச்சமிருந்த வேரையெல்லாம் துழாவிப் பிடுங்கினாள்.

வெறும் வரப்பைப் பார்த்து, "வேரை விடலீங்க," என்றாள்.