மூன்றாவது தோட்டா

"மருந்து டப்பாவைத் திறந்தா வாயை…" என்று பெரியப்பா ஏதோ சொல்வார். தேவசகாயத்துக்குப் பாதிதான் ஞாபகம்.

வீட்டிலேயே தோட்டா நிரப்பக் கருவி வாங்கிய முதல் நாள். மூன்றாவது வெற்றுத் தோட்டாவில் வெடிமருந்தைக் கொட்டியதும் மச்சானிடமிருந்து போன் வந்தது.

"எனக்கும் ஒண்ணு செஞ்சு வைங்க, அத்தான்."

நெடுநேரம் பெருமையாகப் பேசிவிட்டு வந்தவர், மருந்து போட்டோமா என்று யோசித்து, எதற்கும் இருக்கட்டுமென்று இன்னொரு அளவு போட்டார்.

"ஐயோ, ரெண்டு தடவை போட்டுட்டார்! சுட்டா துப்பாக்கியே சிதறிடும். தராசண்ணே, நீங்களாவது சொல்லுங்களேன்!" என்று அலறியது தோட்டா.

"என் தட்டுல ஏத்திக் கேட்டாத்தான் சொல்வேன். கேக்காம சொல்லி நமக்கெதுக்கு வம்பு?" என்றது பக்கத்திலேயே சும்மா இருந்த மருந்து நிறுக்கும் தராசு.

தேவசகாயம் தோட்டாவை மூடிக் கையில் எடுத்தார். கனமாக இருக்கிறதோ என்று சந்தேகம் வந்தது. மற்ற இரண்டையும் தனக்கென்று வைத்துக்கொண்டு, மூன்றாவதை மச்சானுக்குக் கொடுப்பதென்று முடிவு செய்தார்.