கால்நடை மகிழ்ச்சித் துறை

உயிர்கள் யாவும் சமம் என்ற பேருண்மையை மனிதகுலம் ஒருவழியாக ஏற்றுக்கொண்டது. அதற்குச் சான்றாக ஆடு, மாடு, நாய் என எல்லாவற்றின் கழுத்திலும் விளக்குப் பட்டை கட்டினார்கள். கட்டலாமா என்று மட்டும் அவற்றைக் கேட்கவில்லை. மகிழ்ச்சியாக இருந்தால் பச்சை எரியும். மனம் நொந்தால் சிவப்பு. பட்டியில் பாதி சிவந்தால் ஆடுகளை அரசுக் கொட்டகைக்கு ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள்.

நாச்சம்மாளின் பட்டி எப்போதும் பச்சைதான். ஆனால் மகிழ்ச்சித் துறை அலுவலர் மகிழ்நன் உள்ளே கால் வைத்ததும் அத்தனை ஆடுகளும் சிவந்து, மூலையில் போய் ஒட்டிக்கொண்டன.

"வாயில்லா ஜீவனை என்ன பாடு படுத்தியிருக்கீங்கம்மா!" என்று குரல் தழுதழுக்கச் சொன்னார் அவர். "வண்டியை வரச் சொல்றேன்."

நாச்சம்மாள் விடவில்லை.

"நீங்க வர்ற வரைக்கும் பச்சையாத்தானுங்க இருந்துச்சு. கொஞ்சம் வேலிக்கு அக்கட்டால நில்லுங்க, பாக்கலாம்."

அவர் வெளியே போனார்; பட்டி பச்சையானது. உள்ளே வந்தார்; சிவந்தது. மறுபடி போனார், பச்சை.

"ஏனுங்க, இப்ப பாடு படுத்துனது ஆருங்க?"

பக்கத்துக் காட்டில் களை வெட்டியவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். நாச்சம்மாளின் நாய் மட்டும் பட்டையில் பச்சை மின்ன, அலுவலரின் வலது கையை விடாமல் நக்கிக்கொண்டிருந்தது.

மகிழ்நன் வேலிக்கு வெளியே நின்றபடியே நற்சான்றிதழை நீட்டினார். அதை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, "மத்தியானம் எங்கீங்க சாப்பாடு?" என்று கேட்டாள் நாச்சம்மாள். அவர் அவசரமாகத் தன் வண்டியில் ஏறினார்.

அன்று அவர் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தது மட்டன் பிரியாணி.