வெறும் புள்ளி

பழைய கல்யாண வீடியோ கேசட்டைக் கணினியில் ஏற்றுவதற்காக, டிவி படத்தைக் கணினிக்குள் கொண்டுவரும் ட்யூனர் அட்டையை அன்றுதான் அதில் செருகியிருந்தார்கள். பதிவு செய்யும் மென்பொருள் எல்லாச் சேனல்களையும் தேடிவிட்டு உதட்டைப் பிதுக்கியது.

“படமே இல்லே, எங்கேயும் வெறும் புள்ளி. நீ தேறமாட்டே. உன்னைக் கழட்டச் சொல்லிடறேன்.”

“எனக்கு வர்றதைத்தானே அண்ணே நான் தர முடியும்?” என்ற அட்டை, வயரின் மறுமுனையில் இருந்த வீடியோ டெக்கிடம் கேட்டது. “அக்கா, உள்ளே கேசட் இருக்கா?”

“காலையிலேருந்து இருக்கு. ஓட்டுன்னு யாருமே சொல்லலையே!”

“ஓட்டுங்க அக்கா.”

டெக் இரண்டு முறை இருமிவிட்டு ஓட்டியது. புள்ளிகளுக்கு நடுவே முதலில் ஒரு மாலை தெரிந்தது. பிறகு மணப்பெண்ணின் சிரிப்பு.

மென்பொருள் பதறிப்போய்ப் பதிவைத் தொடங்கியது. “மூணாவது சேனல்ல கல்யாணம் நடக்குது! அட்டையை யாரும் கழட்டிடாதீங்க!”