தோள் உயரம்

“என் தோள் வரைக்கும்தான் வருவா. ஆனா குரலைக் கேட்டா நீ ஆடிப் போயிடுவே.”

குளியலறைக்குள் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு கணவன் போனில் பேசியது இவ்வளவுதான். வெளியே துண்டோடு நின்ற தையல்காரிக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

மெக்கானிக்கான அவனும் தபால்காரரும் முடிதிருத்துபவரும் சேர்ந்து ஒரு இசைக்குழு ஆரம்பித்திருப்பது அவளுக்குத் தெரியும். சனிக்கிழமை மதியமானால் ஷெட்டின் பின்னறையில் பழைய டயர்களை ஓரமாகத் தள்ளிவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். அவன் கிதார், தபால்காரர் டிரம்ஸ், முடிதிருத்துபவர் மவுத் ஆர்கன்.

ப்ளூஸ் என்று ஒரு வகைப் பாட்டாம். மனதில் இருக்கும் எரிச்சலை ஒரு வரி பாட வேண்டும், அதையே இன்னொரு தரம் பாட வேண்டும், மூன்றாவது வரியில் போட்டு உடைக்க வேண்டும் என்று அவன் ஒருநாள் விளக்கினான். இதற்கு எதற்கு கிதார் என்று கேட்டுவிட்டு அவள் தையல் மெஷினை மிதித்தாள்.

பாட ஆளில்லை என்ற புலம்பலையும் அவள் கேட்டிருக்கிறாள். மூவரும் மாறி மாறிப் பாடிப் பார்த்ததில் பக்கத்துக் கடைக்காரர் ஷட்டரை இறக்கிவிட்டுப் போனதாகக் கேள்வி. இப்போது ஒருத்தி கிடைத்துவிட்டாள் போலிருக்கிறது, அதுவும் தோள் வரைக்கும் அளந்து பார்த்த நெருக்கத்தில்.

அன்றிலிருந்து அவளுக்கு வேலை ஓடவில்லை. ஒரு பேன்ட்டுக்கு இரண்டு இடது கால் வைத்துத் தைத்தாள். கடைக்கு வந்த குட்டையான பெண்களையெல்லாம் அளவெடுக்கிற சாக்கில், பாடுவீர்களா என்று விசாரித்தாள். குளிக்கும்போது பாடுவேன் என்று ஒருத்தி வெட்கப்பட்டதும் இவள் அவளை இன்னொரு தரம் அளந்தாள்.

வீட்டில் அவன், “உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்” என்று இரண்டு மூன்று தடவை ஆரம்பித்தான். விவாகரத்துதான் கேட்கப்போகிறான் என்று ஒவ்வொரு தடவையும் அவள் மிக்ஸியைப் போட்டாள். மிக்ஸி நிற்கும்வரை நின்று பார்த்துவிட்டு அவன் போய்விடுவான்.

அக்காவிடம் போனில் அழுதாள். மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தால் குடும்பம் கையைவிட்டுப் போய்விடும், நேரில் போய் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேள் என்றாள் அக்கா. சனிக்கிழமை கடையைப் பாதியில் பூட்டிக்கொண்டு கிளம்பினாள். கையில் துணி வெட்டும் கத்தரி இருப்பதை வழியில்தான் கவனித்தாள், திரும்பிப்போய் வைக்கத் தோன்றவில்லை.

பின்னறையில் அந்த மூன்று பேர்தான் இருந்தார்கள். நடுவில் புது மைக் ஒன்று ஸ்டாண்டில் ஆளில்லாமல் நின்றது. மூவரில் யார் பாடினாலும் முதுகை வளைத்துத்தான் பாட வேண்டும், அவ்வளவு தாழ்வு.

ஊரில் பாதிப் பேரை டேப் இல்லாமலே அளந்த கண் அவளுடையது. தன் அளவு மட்டும்தான் தெரியாது. தனக்கு வேண்டியதைப் பழைய நைட்டியை விரித்துப் போட்டே வெட்டிக்கொள்வாள். மைக்கை ஏற இறங்கப் பார்த்ததும் ஆள் எவ்வளவு உயரம் என்று கண்ணுக்குள் வந்து நின்றது. குட்டச்சி என்று பல்லைக் கடித்தாள்.

“யாருங்க அவ? கேக்கறேன்ல, யாருங்க அவ? அவளுக்கு மைக் வாங்கிக் குடுக்கறீங்க, என் மெஷினுக்கு ஒரு பெல்ட் மாத்தித் தர ஆளில்ல.”

கத்தரியைப் பார்த்துத் தபால்காரர் எழுந்திருக்கப் போனார். ஆனால் அவர் கால் எழுந்திருக்கவில்லை, பெரிய டிரம்மை மெல்ல மிதித்துக்கொண்டிருந்தது. அவள் மூச்சு வாங்கிய இடைவெளியில் முடிதிருத்துபவர் மவுத் ஆர்கனில் ஒரு இழுப்பு இழுத்தார்.

“நான் பேசும்போது ஊதாதீங்க, அண்ணே” என்று அவர் பக்கம் திரும்பிச் சொல்லிவிட்டுக் கணவனைப் பிடித்துக்கொண்டாள்.

“உங்க கிரீஸ் சட்டையத் துவைச்சே என் கை தேஞ்சுபோச்சு. துவைச்சுத் துவைச்சே என் கை தேஞ்சுபோச்சு. இனிமே அந்தக் குட்டச்சியையே துவைக்கச் சொல்லுங்க, நான் எங்க அக்கா வீட்டுக்குப் போறேன்.”

கிதாரும் சேர்ந்துகொண்டது. கட்டின பெண்டாட்டி கதறுகிறாள், இவன் தலையை ஆட்டி ஆட்டி வாசிக்கிறான். அவளுக்கு வந்த ஆத்திரத்தில் கத்தரியை டயர் மேல் வீசிவிட்டு, அந்த மைக்கைப் பிடுங்கி எறியப் போனாள்.

ஸ்டாண்டை இரண்டு கையாலும் பிடித்து, “எவ அவ?” என்றாள். கேள்வி ஸ்பீக்கர் வழியாகத் தெரு முழுக்கப் போய்வந்தது. பக்கத்துக் கடைக்காரர் ஷட்டரைத் தூக்கிவிட்டு எட்டிப் பார்த்தார்.

அவள் குனியவில்லை, எக்கவும் இல்லை. மைக் சரியாக அவள் உதட்டுக்கு நேரே இருந்தது.

கணவன் கிதாரோடு வந்து பக்கத்தில் நின்றான். அவள் உச்சந்தலை அவன் தோளில் இடித்தது.

“உயரம் சரியா இருக்கா?”