நூல் கோக்காத இயந்திரம்

தையற்கடையின் வெட்டுமேசைக்கு அடியில் மூன்று மாத நாய்க்குட்டியொன்று அமைச்சரைப் போல அமர்ந்திருக்கிறது. அதன் வாயில், மாலைக்குள் கொடுத்தாக வேண்டிய கோட்டின் இன்னும் இணைக்கப்படாத ஒரு கை. அந்தத் துணியில் இனி ஒரு சாண்கூட மிச்சமில்லை. தையற்காரர் மண்டியிட்டு நெருங்குகிறார். குட்டி ஓரடி பின்வாங்கி வாலை ஆட்டுகிறது. ஓய்வு நேரத்தில் பழைய அளவு டேப்பை இழுத்து இழுத்து இந்த விளையாட்டை அதற்குப் பழக்கியவர் அவரேதான். "குடுத்துடுடா, என் ராசா," என்று கெஞ்சுகிறார். "நீங்க இழுத்தா அதுவும் இழுக்கும். கிழிஞ்சா, உங்க சட்டைக் கையையா வெட்டி வெச்சுத் தைக்கிறது? நகருங்க," என்கிறார் மனைவி. குட்டியைத் திரும்பியும் பாராமல், நூல் கோக்காத இயந்திரத்தின் முன் அமர்ந்து மெல்ல மிதிக்கிறார். வந்த நாள் முதல் அந்தச் சத்தத்தில்தான் குட்டி உறங்கிப் பழகியிருக்கிறது. சன்னல் வெயிலில் பஞ்சுத்தூசி மிதக்க, கடகடவென்ற ஒலி அறையை நிரப்புகிறது. குட்டியின் தாடை தளர்கிறது. துணி தரையில் விழுகிறது. கொட்டாவி விட்டபடி வந்து, மிதிக்கும் பாதத்தருகே அது சுருண்டு படுக்கிறது. கணவர் துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார்: வெறும் எச்சில்தான். "தச்சிடலாமா?" என்று கிசுகிசுக்கிறார். "மொதல்ல அந்த டேப்பைத் தூக்கிக் குப்பையில போடுங்க," என்கிறார் மனைவி, மிதிப்பதை நிறுத்தாமல்.