ஓடைக்குள் ஏழு குடிசைகள்

2023 ஏப்ரல் 18, செவ்வாய்க்கிழமை, காலை 10.20. மேகம் இல்லை, காற்றும் இல்லை.

திருச்சுழிச் சாலையில் சுற்றுலா விடுதி நடத்தும் பொன்னுச்சாமி, தாசில்தார் யுவராணியை இளநீரோடு எதிர்கொண்டார். விடுதிக்குப் பின்னாலுள்ள அரசு ஓடையை ஆக்கிரமித்த குடிசைகளை அகற்றுமாறு மனுக் கொடுத்திருந்தவர் அவரே.

"வெள்ளைக்காரவுக கோயிலப் பாக்க வாராக மேடம். ஜன்னலத் தொறந்தா இந்தக் கூட்டம். எப்படித் தங்குவாக?"

ஓடைக்கரையில் குடியிருக்கும் ஆவுடைத்தாய் துடைப்பத்துடன் நின்றிருந்தாள். அந்த விடுதியைப் பெருக்குபவளும் அவளே.

"வெரட்டிட்டா பிள்ளைகளோட எங்கம்மா போவோம்? மொதலாளிக்கு வேலைக்கு மட்டும் நாங்க வேணும்ல?"

"ஏத்தா, கூட்டிப் பெருக்கத்தான வரச் சொன்னேன், குடியிருக்கவா சொன்னேன்?" என்ற பொன்னுச்சாமி, வெயில் தாளாமல் குளிர்சாதன அறைக்குள் புகுந்துகொண்டார்.

யுவராணி இளநீரைத் தொடவில்லை. ஆவுடைத்தாயையும் அழைத்துக்கொண்டு சென்று, எல்லைக்கல்லிலிருந்து சங்கிலி பிடித்து அளக்குமாறு தன்னுடன் வந்திருந்த சர்வேயரிடம் சொன்னார். ஓலை வேய்ந்த ஒரு குடிசையின் முன் நின்றார்.

"தரை மெழுகுறது யாரு?"

"நாந்தாம்மா. விடிஞ்சதும் சாணி கரைச்சு மெழுகிருவேன்."

"ஓலை வேஞ்சது?"

"எங்க வீட்டுக்காரரு."

"பட்டா இருக்கா?"

"ஓடைக்கு யாரும்மா பட்டா குடுப்பாக?"

யுவராணி குறித்துக்கொண்டார். நண்பகலில் பொன்னுச்சாமியின் அறைக்கு வந்து, குறிப்பை ஒரு சொல்லும் விடாமல் படித்தார்.

"ஓலைக் குடிசைகள் ஏழு. சாணித் தரை, விறகடுப்பு. ஏழும் முழுமையாக ஓடைக்குள் உள்ளன."

"ஏழுதானா? நல்லா எண்ணுனீகளா மேடம்? ஜேசிபி நானே தாரேன். ஒண்ணக்கூட விட்டுறாதீக."

உத்தரவு எழுதப்பட்டது. அளவை நேரில் கண்ட சாட்சியாக ஆவுடைத்தாய் நிதானமாகக் கையெழுத்திட்டாள்.

"அடடே, கைநாட்டு இல்லியா?" என்று சிரித்தார் பொன்னுச்சாமி.

ஆவுடைத்தாய் அவரைப் பார்க்கவில்லை. ஜன்னல் வழியே தன் தெருவைப் பார்த்தாள். அங்கே அத்தனையும் தகரக் கூரை. ஓடைக்கு நாற்பதடி வெளியே.

யுவராணி ஒப்பமிட்ட உத்தரவு, ஏழ்மையை ஓரிரவு அனுபவித்துப் பார்க்க விரும்பும் வெள்ளைக்காரர்களுக்காக ஓடைக்குள் ஏழு ஓலைக் குடிசைகள் கட்டி, இரவுக்கு எட்டாயிரம் ரூபாய் வாடகை வாங்கும் பொன்னுச்சாமியின் கையிலேயே ஒப்படைக்கப்பட்டது.